வார்னமுண்ட போறீங்களா? ஜெர்மனி கடற்கரை ஊர்ல பர்ஸ் காலியாகாம ரூம் போடறது எப்படி

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து ஒரு குளிர்காலத்தைத் தாண்டினவங்களுக்கு மே மாசம் வந்தா கடல் பாக்கணும்னு தோணும், உடனே ஃபோன்ல ஏதோ ஒரு புக்கிங் ஆப்பைத் திறந்து ஏதோ ஒரு சனிக்கிழமையைப் போட்டுப் பாப்பீங்க, ஒரு ராத்திரிக்கு 190 யூரோன்னு காட்டும், மூடி வச்சிடுவீங்க. அதே ஊர்ல அதுல பாதி காசுக்கு நல்லா தங்க முடியும், ஆனா எந்த நாள், எந்த ஏரியா, விலையில எதெல்லாம் சேரல, இந்த மூணும் தெரிஞ்சிருக்கணும். நான் இதை ஒண்ணொண்ணா முட்டி மோதித்தான் தெரிஞ்சுக்கிட்டேன், யாரும் மொத்தமா சொல்லித் தரல. அதனாலதான் இது.

பால்டிக் கடலோரம் ரோஸ்டாக் நகரத்தோட சேர்ந்த வார்னமுண்டங்கிற ஊரை வச்சு எழுதறேன். ஏன் இந்த ஊர்னா, கார் இல்லாம போகலாம், ஸ்டேஷன்ல இறங்கினா பத்துப் பதினைஞ்சு நிமிஷ நடையில மணல் வந்துடும், பீச்சும் நல்ல அகலம். இன்னொரு காரணமும் இருக்கு. வடகடல் பக்கம் கூக்ஸ்ஹாஃபன், பூசும் மாதிரி ஊருக்குப் போனா தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கிலோமீட்டர் கணக்குல உள்ள போயிடும், நீங்க போற நேரம் பாத்து வெறும் சேறுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சேத்துல நடக்கறதே தனி அனுபவம்தான், ஆனா குழந்தைங்க "கடல் எங்க"ன்னு கேக்கும். பால்டிக்ல அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய கிடையாது, எப்ப போனாலும் தண்ணி இருக்கும். மத்தபடி இங்க சொல்றதுல முக்கால்வாசி ட்ராவமுண்ட, ஸ்ட்ரால்ஸுண்ட், பின்ஸ் மாதிரி மத்த பால்டிக் ஊருக்கும் பொருந்தும்.

1. முதல்ல தேதி, அப்புறம்தான் ஹோட்டல்

நம்மள்ல நிறைய பேர் ஹோட்டலைப் பிடிச்சுட்டுத் தேதி தேடுவோம். இங்க அதைத் திருப்பிப் போடணும். ஜெர்மனியில 16 மாநிலத்துக்கும் ஸ்கூல் லீவு வேற வேற நேரத்துல வரும், ஜூன் கடைசியில ஒரு மாநிலம் ஆரம்பிச்சா செப்டம்பர் நடுவுலதான் கடைசி மாநிலம் முடிக்கும். அதுல ஜூலையும் ஆகஸ்ட்டும் உச்சம். உங்க மாநிலத்துல லீவு முடிஞ்சுடுச்சேன்னு நெனச்சு போனீங்கன்னா பக்கத்து மாநிலமே அங்க வந்து உக்காந்திருக்கும். "சோமர்ஃபெரியன்"னு போட்டு வருஷத்தையும் போட்டுத் தேடினா எல்லா மாநிலத்து அட்டவணையும் ஒரே பக்கத்துல கிடைக்கும், முக்கியமா பெர்லின், பிராண்டன்பூர்க், ஹாம்பூர்க், ஸாக்ஸன் பாருங்க, இந்தக் கடற்கரைக்கு நிறைய வர்றது அந்தப் பக்கத்து ஜனங்கதான்.

லீவு தவிர தவிர்க்க வேண்டிய நாட்கள்: மே-ஜூன்ல வர்ற ஹிம்மெல்ஃபார்ட் வியாழக்கிழமை (இயேசு விண்ணேறின நாள், அரசு விடுமுறை, எல்லாரும் வெள்ளிக்கிழமையும் லீவு போட்டு நாலு நாளாக்கிடுவாங்க), ஃபிங்ஸ்டன் (பெந்தெகொஸ்தே) வாரக்கடைசி, ஜெர்மன் தேசிய தினமான அக்டோபர் 3 பக்கத்துல வர்ற வாரக்கடைசி, டிசம்பர் கடைசி வாரம். வார்னமுண்டக்குன்னு தனியா ரெண்டு இருக்கு, ஜூலை முதல் பாதியில பாய்மரப் படகுப் போட்டி நடக்கிற வார்னமுண்டர் வோஹ, ஆகஸ்ட்ல ஹான்ஸ ஸெய்ல்ங்கிற பாய்மரக் கப்பல் திருவிழா. அந்த நாட்கள்ல ரோஸ்டாக் நகரத்துக்குள்ளயே ரூம் விலை ஏறிடும். ஆனா திருவிழா பாக்கத்தான் போறோம்னா அது வேற கணக்கு, ஆறு மாசம் முன்னாடியே போட்டுடுங்க.

என்னைக் கேட்டா செப்டம்பர்தான். வெயில் காலம் முழுக்க சூடான தண்ணி உடனே ஆறாது, மே மாசத்துத் தண்ணியை விட செப்டம்பர் தண்ணி எவ்வளவோ மேல், கூட்டமும் குறைஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை போய் செவ்வாய் இல்ல புதன் திரும்பற மாதிரி போட்டீங்கன்னா வெள்ளி-ஞாயிறு விலையோட ஒப்பிட்டா கண்ணால பாக்கற அளவுக்கு வித்தியாசம் தெரியும். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் இன்னும் மலிவு, ஆனா டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், காத்து வேற காதைப் பிச்சுக்கிட்டுப் போகும், பல சின்ன பென்ஷன் (வீடு மாதிரி நடத்தற சின்ன விடுதி) எல்லாம் மூடிக் கிடக்கும். அமைதியா புக் படிக்கணும்னா சரி.

2. கடலைப் பாத்த ரூம் வேணுமா, இருபது நிமிஷம் தள்ளி வேணுமா

காசு உண்மையில மிச்சமாகறது இங்கதான். வார்னமுண்டக்குள்ள கடலோரத் தெருவுல ஒரு டபுள் ரூம் ஜூலை-ஆகஸ்ட்ல 150லேருந்து 200 யூரோவுக்கு சாதாரணமா போகும், பேர் பெத்த ஹோட்டல்னா அதுக்கு மேல. அதே நாள் ரோஸ்டாக் நகரத்துக்குள்ள ஸ்டேஷன் பக்கமோ பழைய ஊர் மையத்துலயோ 80லேருந்து 120க்குள்ள நல்ல சுத்தமான ரூம் பாத்திருக்கேன். நடுவுல இருக்கிறது எஸ்1ங்கிற எஸ்-பான், அதாவது புறநகர் ரயில் மட்டும்தான், ரோஸ்டாக் ஹாப்ட்பான்ஹோஃப்லேருந்து (மெயின் ஸ்டேஷன்) வார்னமுண்டக்கு ஏறக்குறைய 20 நிமிஷம், பகல்ல அடிக்கடி ஓடும். கைல டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க லோக்கல், ரீஜனல் ரயில்லயும் பஸ்லயும் போற மாசப் பாஸ்) இருந்தா அந்தப் பயணத்துக்குத் தனியா ஒரு பைசா கிடையாது.

நகரத்துல தங்கறதுல இன்னொரு சௌகரியம், சூப்பர்மார்க்கெட், டோனர் கபாப் கடை, இந்தியன் ரெஸ்டாரன்ட், மருந்துக் கடை எல்லாம் நகரத்து விலையில கிடைக்கும். கெடுதல் என்னன்னா காலையில எழுந்து ஜன்னலைத் திறந்தா கடல் தெரியாது, சின்னக் குழந்தை ஈரத்துணியோட தூங்கி வழிஞ்சா இருபது நிமிஷ ட்ரெயினும் ரெண்டு மணி நேரமா தெரியும். ஒண்ணு ரெண்டு வயசுக் குழந்தையோ முட்டிவலி இருக்கிற அப்பா அம்மாவோ கூட இருந்தா நான் வார்னமுண்டக்குள்ளயே போடச் சொல்வேன், நாள் எண்ணிக்கையைக் குறைச்சுக்குங்க. நாலு ஃப்ரெண்ட்ஸா போறீங்கன்னா நகரம்தான், யோசிக்கவே வேணாம்.

நடுவழியும் ஒண்ணு உண்டு, வார்னமுண்டக்கு முன்னாடி வர்ற லிஷ்டன்ஹாகன், லூட்டன் க்ளைன் ஸ்டேஷன் பக்கம். பெரிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஏரியா, பாக்க ஒண்ணும் அழகா இருக்காது, ஆனா கடலுக்குக் கிட்ட, விலையும் கம்மி.

மாணவர்களும் குடும்பங்களும் மறக்காம பாக்க வேண்டியது யூகெண்ட்ஹெர்பெர்க, அதாவது யூத் ஹாஸ்டல். பேரைப் பாத்து பசங்களுக்கு மட்டும்னு நெனச்சுடாதீங்க, குடும்பத்துக்கு தனி ரூம் தருவாங்க, காலைச் சாப்பாடு விலையிலயே சேர்ந்திருக்கும், பெட்ஷீட்டும் தருவாங்க, துண்டு மட்டும் நீங்க கொண்டு போகணும் இல்லன்னா வாடகைக்கு எடுக்கணும். வருஷ மெம்பர்ஷிப் ஒண்ணு எடுக்கணும், அதையும் கூட்டித்தான் கணக்குப் பாக்கணும். வார்னமுண்டயில இருக்கிறது பீச்சுக்குப் பக்கத்துலயே, பார்க்ஸ்ட்ராஸங்கிற தெருவுல. இங்க ஒரு பொறி இருக்கு: எஸ்1 ட்ரெயின் ரோஸ்டாக்ல கிளம்பின உடனே "ரோஸ்டாக் பார்க்ஸ்ட்ராஸ"ன்னு ஒரு ஸ்டாப் வரும். அது நகரத்துக்குள்ள இருக்கிற வேற பார்க்ஸ்ட்ராஸ. பேரைப் பாத்துப் பெட்டியோட அங்க இறங்கிடாதீங்க, கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காருங்க. மேப்ல தேடும்போதும் தெருப் பேரோட வார்னமுண்டயும் சேத்துப் போடுங்க.

3. திரையில காட்டற விலை மொத்த விலை இல்ல

- கூர்டாக்ஸ. சில ஊர்ல கூர்ஆப்கார்ப, சில ஊர்ல கெஸ்ட-பைட்ராக்னு பேரு மாறும், விஷயம் ஒண்ணுதான்: கடற்கரை ஊருக்கு நீங்க கட்டற வரி. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு சுமார் 2லேருந்து 4 யூரோ, ஊரையும் சீசனையும் பொறுத்து மாறும், குழந்தைங்களுக்குத் தள்ளுபடியோ இலவசமோ இருக்கும். புக்கிங் ஆப்ல முன்னாடியே கட்டிட்டேன்னாலும் இதை அங்க போய் ரிசப்ஷன்ல தனியா கேப்பாங்க, ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க. அதுக்கு பதிலா ஒரு கெஸ்ட் கார்டு தருவாங்க, அதைப் பத்திரமா வச்சுக்குங்க, மியூசியம், படகுன்னு சில இடத்துல தள்ளுபடி உண்டு, எங்கெங்கன்னு ரிசப்ஷன்லயே கேட்டுடுங்க.

- காலைச் சாப்பாடு. விலையில சேர்ந்திருக்கான்னு பாருங்க, சேரலன்னா ஒரு ஆளுக்கு 12லேருந்து 20 யூரோ. ரெண்டு பேர் ரெண்டு நாள்னா 60, 70 யூரோ அங்கயே போயிடும். பேக்கரில காபியும் ரெண்டு ப்ரோட்ஷனும் (சின்ன உருண்டை ப்ரெட்) 6, 7 யூரோல முடிஞ்சுடும். ஆனா பஃபே நல்லா இருந்து, பத்தரை மணிக்கு வயிறு நிறைய சாப்பிட்டு மத்தியானச் சாப்பாட்டையே தள்ளிடற ஆளுங்கன்னா பஃபேதான் லாபம், இதை அவங்கவங்க வயித்தைக் கேட்டு முடிவு பண்ணுங்க. பஃபேலேருந்து சாண்ட்விச் கட்டி பைல போட்டுக்கிறது மட்டும் வேணாம், இங்க அதை ரொம்ப மோசமா பாப்பாங்க. கேட்டா பல இடத்துல சின்னத் தொகைக்கு லஞ்ச் பாக்கெட் கட்டித் தருவாங்க.

- பார்க்கிங். கார்ல போறவங்க கட்டாயம் கேளுங்க, வார்னமுண்டயில கோடையில ஒரு நாள் பார்க்கிங்கே நல்லா இழுத்துடும்.

- ஃபெரியன்வோனுங், அதாவது கிச்சனோட இருக்கிற லீவு வீடு. பாக்க மலிவா இருக்கும், ஆனா கடைசிச் சுத்தம் பண்ற காசு ஒரு தடவைக்கு 50லேருந்து 100 யூரோ, பெட்ஷீட்-துண்டு செட் தலைக்கு இவ்வளவுன்னு தனி, சில இடத்துல டெபாசிட்டும் உண்டு. ரெண்டு ராத்திரிக்குன்னா இது நஷ்டம், ஒரு வாரத்துக்குன்னா லாபம். கோடையில பல வீடு அஞ்சு நாளுக்குக் குறைஞ்சா தரவே மாட்டாங்க, சனிக்கிழமை டு சனிக்கிழமைதான்னு சொல்றவங்களும் உண்டு. சாம்பார் சாதம் இல்லாம முடியாதுங்கிற குடும்பத்துக்கு மட்டும் நாலு நாளுக்கு மேல இது சரி.

விளம்பரத்துல இருக்கிற சில வார்த்தைகளையும் உஷாரா படிங்க. "ஸ்ட்ராண்ட்நா"ன்னா பீச்சுக்குக் கிட்டன்னு அர்த்தம், அந்தக் கிட்ட ஒரு கிலோமீட்டராவும் இருக்கலாம், மேப்ல நடைத்தூரம் போட்டுப் பாருங்க. "ஸைட்லிஷர் மேர்பிளிக்"னு இருந்தா பால்கனில ஒரு ஓரமா கழுத்தை நீட்டினா கடல் தெரியும், அதுக்கு 30 யூரோ கூட குடுக்கிறது உங்க இஷ்டம். "ஸுட்டெரான்"னா பாதி தரைக்குக் கீழ இருக்கிற ரூம். "ஹோட்டல் கார்னி"ன்னா காலைச் சாப்பாடு மட்டும், ராத்திரி சாப்பாடு கிடையாது. "எட்டாகன்பாட்"னா பாத்ரூம் காரிடார்ல, பொதுவானது. "ஆஃப்ஸுக்"னு எங்கயும் போடலன்னா லிஃப்ட் இல்லன்னே வச்சுக்குங்க, பழைய வீட்டு பென்ஷன்ல மூணு மாடி மரப்படிக்கட்டு ஏறணும்.

4. புக் பண்றப்ப

ஆப்ல தேடுங்க, ரிவ்யூ படிங்க, ஆனா அங்கயே பட்டனை அமுக்காதீங்க. அந்த ஹோட்டலோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் அதே தேதியைப் போட்டுப் பாருங்க. புக்கிங் டாட் காம் ஹோட்டல்காரங்களைத் தங்களோட சொந்த சைட்ல விலை குறைக்க விடாம வச்சிருந்த நிபந்தனையை ஜெர்மன் உச்ச நீதிமன்றமே 2021ல செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அதனால நேர்ல கேட்டா குறைச்சுத் தர்றதுக்குத் தடை எதுவும் கிடையாது. எல்லாரும் குறைக்க மாட்டாங்க. ஆனா காலைச் சாப்பாட்டைச் சேத்துத் தர்றது, லேட் செக்-அவுட் தர்றது, இதெல்லாம் சின்ன பென்ஷன்ல கேட்டா கிடைக்கும். மெயில் போடறீங்கன்னா தேதி, எத்தனை பெரியவங்க, குழந்தைங்களோட வயசு, லிஃப்ட் வேணுமா, காலைச் சாப்பாட்டோடயும் கூர்டாக்ஸயோடயும் மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிவரைக்கும் காசில்லாம கேன்சல் பண்ணலாம், இவ்வளவையும் ஒரே மெயில்ல கேட்டுடுங்க. பதில் மெயிலாவே வரும், அதுதான் உங்களுக்கு ஆதாரம்.

கேன்சல் விஷயத்துல நம்ம ஆளுங்க அதிகமா மாட்டறாங்க. ஆன்லைன்ல எது வாங்கினாலும் 14 நாள்ல திருப்பிக் குடுக்கலாம்னு இங்க ஒரு சட்டம் இருக்கில்லையா, அது தேதி குறிச்சுப் போட்ட ஹோட்டல் ரூமுக்குப் பொருந்தாது. பட்டனை அமுக்கின நொடியே கான்ட்ராக்ட். இலவச கேன்சலேஷன்னு எழுதி இல்லன்னா, போகாம விட்டாலும் காசு கேப்பாங்க, காலைச் சாப்பாட்டோட ரூம்னா விலையில 80 சதவீதம், லீவு வீடுன்னா 90 சதவீதம் வரைக்கும் கேக்கறது இங்க வழக்கம். பத்து யூரோ கூடன்னாலும் கேன்சல் பண்ற மாதிரி ரேட்டையே எடுங்க, லீவு அப்ரூவல் வராதவங்க, குழந்தைக்கு அடிக்கடி ஜுரம் வர்றவங்க முக்கியமா.

எவ்வளவு முன்னாடி? ஜூலை-ஆகஸ்ட்டுக்கு ஜனவரி-பிப்ரவரியிலயே, செப்டம்பருக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி, குளிர்காலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி போட்டாலும் கிடைக்கும்.

மோசடி பத்தி ரெண்டு வரி. லீவு வீடு விளம்பரத்துல படம் சூப்பரா, விலை நம்ப முடியாத அளவுக்குக் கம்மியா இருந்து, முழுக்காசையும் வெளிநாட்டு பேங்க் அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னா விட்டுடுங்க. ஜெர்மன் வெப்சைட்டுன்னா இம்ப்ரெஸும்னு ஒரு பக்கம் சட்டப்படி இருக்கணும், பேர், அட்ரஸ் எல்லாம் இருக்கும், அது இல்லன்னா சந்தேகப்படுங்க. புக் பண்ணின அப்புறம் "உங்க கார்டை மறுபடி வெரிஃபை பண்ணுங்க"ன்னு லிங்க்கோட மெசேஜ் வந்தா, அது ஆப்புக்குள்ள சாட்லயே வந்தாலும் க்ளிக் பண்ணாதீங்க, ஹோட்டலுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்க.

5. கைல இருக்க வேண்டிய பேப்பர்

பாஸ்போர்ட். 2025 ஜனவரியிலேருந்து ஜெர்மன் குடிமக்களுக்கு ஹோட்டல்ல தங்கறவங்க விவரம் எழுதற மெல்டஷைன் படிவம் நிரப்பற கட்டாயம் போயிடுச்சு, ஆனா நம்மளுக்குப் போகல. வெளிநாட்டுக்காரங்க படிவத்துல கையெழுத்துப் போட்டு அடையாளம் காட்டணும். உங்க கூட வந்த ஜெர்மன் ஃப்ரெண்ட் ஒண்ணும் காட்டாம மாடிக்குப் போயிட்டான், என்னை மட்டும் நிக்க வச்சுட்டாங்கன்னு மனசு கஷ்டப்பட வேணாம், சட்டமே அப்படித்தான். ரெஸிடென்ஸ் பெர்மிட் கார்டை மட்டும் எடுத்துட்டுப் போனா சில இடத்துல ஒத்துக்குவாங்க, சில இடத்துல பாஸ்போர்ட்தான் வேணும்பாங்க, ரெண்டையும் வச்சுக்குங்க. குடும்பமா போனா ஒருத்தர் கையெழுத்துப் போட்டா போதும், கணவன் இல்ல மனைவி, சின்னப் பசங்க எத்தனை பேர்னு எண்ணிக்கை மட்டும் எழுதினா சரி.

காசு. பெரிய ஹோட்டல்ல எந்தக் கார்டும் ஓடும். சின்ன பென்ஷன்ல "நூர் பார்"னு, அதாவது ரொக்கம் மட்டும்னு எழுதி வச்சிருப்பாங்க, இல்லன்னா ஜெர்மன் பேங்குங்க தர்ற உள்ளூர் டெபிட் கார்டான ஜிரோகார்டு மட்டும் எடுப்பாங்க. ஆன்லைன் பேங்க்ல அக்கவுண்ட் வச்சிருக்கிற புதுசா வந்தவங்க பல பேர்கிட்ட விஸா இல்ல மாஸ்டர்கார்டு டெபிட் மட்டும்தான் இருக்கும், அது ஜிரோகார்டு கிடையாது. நான் ஒரு பென்ஷன்ல செக்-அவுட் நேரத்துல ஏடிஎம் தேடி ஓடியிருக்கேன், அங்க இருந்த ஏடிஎம் கமிஷன் வேற எடுத்துக்கிச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஊர்லயே 150 யூரோ ரொக்கம் எடுத்து வச்சுக்குங்க.

ஊர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்கன்னா ஷெங்கன் விசா ஃபைல்ல எங்க தங்கப்போறாங்கன்னு காட்டணும். கடற்கரை ஹோட்டல் ரெண்டு நாளும் அதுல வரும்னா, விசா முடிவு தெரியற தேதி தாண்டியும் இலவசமா கேன்சல் பண்ற மாதிரி போடுங்க, பேர் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுத்து மாறாம இருக்கணும், நம்ம இனிஷியல் விவகாரம் தெரியுமில்ல. விசா கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலேருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி மாசம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க, கோடைக்கு அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காது.

6. போய்ச் சேர்றது

டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலேருந்து மாசம் 63 யூரோ. பெர்லின்லேருந்து ஆர்ஈ5, ஹாம்பூர்க்லேருந்து ஆர்ஈ1ங்கிற ரீஜனல் ரயில், ரெண்டும் ரோஸ்டாக் வரைக்கும் வரும், சுமார் இரண்டரையிலேருந்து மூணு மணி நேரம், இந்த டிக்கெட்லயே போயிடலாம். ஒரு மாசத்துக்கு மட்டும் வேணும்னா வாங்கி அந்த மாசம் 10ம் தேதிக்குள்ள கேன்சல் குடுத்துடுங்க, தவறினா அடுத்த மாசக் காசும் போகும். சைக்கிளுக்கு இந்த டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட். ஐசிஈ, ஐசிங்கிற நெடுந்தூர ரயில்லயும் செல்லாது, வார்னமுண்டவரைக்குமே நேரா போற ஐசி சிலது இருக்கு, ஆப்ல அதுதான் முதல்ல காட்டும், கவனிக்காம ஏறிடாதீங்க. டாய்ச்லாண்ட் டிக்கெட் இல்லாத அஞ்சு பேர் வரைக்கும் சேர்ந்து போறதுக்கு ஒரு நாள் மாநில டிக்கெட் உண்டு, வார நாள்ல காலை 9 மணிக்கு அப்புறம்தான் செல்லும்.

கிளம்பற வாரத்துல ஒரு தடவை ஆப்ல ட்ராக் வேலை நடக்குதான்னு பாருங்க. எஸ்ஈவின்னு போட்டிருந்தா நடுவுல பஸ்ல மாறணும், ஒரு மணி நேரம் கூட வச்சுக்குங்க. இது ஏன் ஹோட்டல் கட்டுரைல வருதுன்னா, சின்ன பென்ஷன்ல ரிசப்ஷன் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மூடிடுவாங்க. ட்ரெயின் லேட்டானா கதவுக்கு வெளிய நிக்கணும். முன்னாடி நாளே ஃபோன் பண்ணி எட்டு மணிக்குத்தான் வருவோம்னு சொல்லிட்டா, வாசல் பக்கத்துச் சுவத்துல கையளவு இரும்புப் பெட்டி ஒண்ணு இருக்கும், நம்பர் உருட்டற பூட்டு போட்டது, அந்த நம்பரை எஸ்எம்எஸ்ல அனுப்புவாங்க, திறந்தா உங்க பேர் எழுதின கவர்ல சாவி இருக்கும். நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க, ஃபோன் சார்ஜ் இருக்கான்னும் பாத்துக்குங்க. செக்-இன் பொதுவா மூணு மணிக்கு மேலதான், முன்னாடியே போனா பெட்டியை வாங்கி வச்சுக்குவாங்க, பல இடத்துல காசு கேக்க மாட்டாங்க.

7. ரூமுக்குள்ள

ஏசி இருக்காது, கோடையிலயும். ஜன்னலை மேல் பக்கமா சாய்ச்சுத் திறந்து வச்சா கடல் காத்தே போதும், ஆனா அந்தச் சாய்ச்ச ஜன்னல் வழியா காலை அஞ்சு மணிக்கே கடல்காக்கா கத்தறதும் உள்ள வரும். தூக்கம் லேசானவங்க காதுல வைக்க ஏதாவது கொண்டு போங்க. டபுள் பெட்டுங்கறது ரெண்டு மெத்தையை ஒட்டிப் போட்டது, ஆளுக்கு ஒரு தனிப் போர்வை, நடுவுல பள்ளம். குழந்தையை நடுவுல போட்டுத் தூங்க வைக்கற பழக்கம் இருந்தா முன்னாடியே கட்டில் கேட்டு வைங்க.

கெட்டில் எல்லா ரூம்லயும் இருக்காது. காலையில பஃபேல கேட்டா ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்திக் குடுப்பாங்க. ரைஸ் குக்கரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் பெட்டில வைக்காதீங்க. ஹோட்டல் ரூம்ல சமைக்கறது தடை, அதோட பல ஹோட்டல்ல புகை அலாரம் நேரா தீயணைப்பு நிலையத்தோட இணைஞ்சிருக்கும். தாளிச்ச புகைக்கு வண்டி வந்து நின்னா அந்தச் செலவு உங்க தலையில, சில நூறு யூரோ. ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, வீடியோ காலை ஸ்பீக்கர்ல போட்டுப் பேசறதும் அதுல சேர்த்தி.

குழாத் தண்ணி குடிக்கலாம், பாட்டில்ல பிடிச்சுக்குங்க. ரெஸ்டாரன்ட்ல தண்ணி காசுக்குத்தான்.

8. சாப்பாடும் பீச்சும்

ஆல்டர் ஸ்ட்ரோம்ங்கிற பழைய கால்வாய் ஓரமா படகுலயே மீன் ப்ரோட்ஷன் விப்பாங்க, ஒண்ணு 5, 6 யூரோ, மத்தியானச் சாப்பாடு அதோட முடிஞ்சுடும். கைல வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே நடந்தீங்கன்னா கடல்காக்கா பின்னாடிலேருந்து வந்து மீனை மட்டும் உருவிட்டுப் போயிடும், ப்ரெட் கைலயே இருக்கும். சுவரை ஒட்டியோ குடைக்குக் கீழயோ நின்னு சாப்பிடுங்க. பாவம்னு அதுக்குப் போடவும் கூடாது, தடை, அபராதம் உண்டு. சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிராட்கார்ட்டோஃபல்னு வறுத்த உருளைக்கிழங்கு எல்லா மெனுவுலயும் இருக்கும், அதுல பன்றிக்கொழுப்புத் துண்டு போடறது இங்க வழக்கம், "ஓன ஷ்பெக்"னு சொல்லி ஆர்டர் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை ஜெர்மனி முழுக்கக் கடை மூடினாலும் கடற்கரை ஊர்ல சீசன்ல கொஞ்சம் கடை திறந்திருக்கலாம்னு விதிவிலக்கு உண்டு. நீங்க தங்கறது ரோஸ்டாக் நகரத்துக்குள்ளன்னா அதை நம்பாம சனிக்கிழமையே பால், பழம், தயிர் வாங்கி வச்சுடுங்க.

பீச்சுல வரிசையா நிக்கற மூங்கில் கூடை மாதிரி சீட்டுக்கு ஸ்ட்ராண்ட்கோர்ப்னு பேரு. நாள் வாடகை 15 யூரோ அளவுல, மத்தியானத்துக்கு அப்புறம் போனா பல இடத்துல குறைச்சுத் தருவாங்க. காத்து வீசற நாள்ல அது இல்லாம உக்கார முடியாது, மத்த நாள்ல பெட்ஷீட் போதும். எஃப்கேகேன்னு போர்டு இருந்தா அது ஆடையில்லாம குளிக்கற பகுதி. பெரியவங்களோட நடந்து போறப்ப அந்த போர்டைப் பாத்துட்டுத் திரும்பினா சங்கடம் மிச்சம். கொடியையும் பாருங்க: சிவப்பு-மஞ்சள் கொடி பறந்தா காவலுக்கு ஆள் இருக்காங்க, கூடவே முழு மஞ்சள் கொடியும் இருந்தா குழந்தைங்களும் நீச்சல் சரியா தெரியாதவங்களும் இறங்கக்கூடாது, வெறும் சிவப்புன்னா யாருமே இறங்கக்கூடாது. ஆகஸ்ட்லயும் தண்ணி 18, 19 டிகிரிதான், மெரினா நெனப்புல தடால்னு குதிக்காதீங்க. ஜூலை சாயங்காலத்துக்கும் காத்துத் தடுக்கற ஜாக்கெட் ஒண்ணு வேணும்.

9. ஒரு கணக்கு

ரெண்டு பேர், ரெண்டு ராத்திரி, டாய்ச்லாண்ட் டிக்கெட் ஏற்கெனவே கைல இருக்குன்னு வச்சுக்குங்க. செப்டம்பர் வார நாள்ல ரோஸ்டாக் நகரத்துல ரூம் 90 வீதம் 180, கூர்டாக்ஸ மாதிரி வரிக்கு 12, மூணு நாள் சாப்பாடு தலைக்கு 25 வீதம் 150, ஸ்ட்ராண்ட்கோர்ப் ஒரு நாள் 15. மொத்தம் 357 யூரோ. இதையே ஆகஸ்ட் சனிக்கிழமை சேத்து வார்னமுண்டக்குள்ள போட்டா ரூம் 170 வீதம் 340, காலைச் சாப்பாடு 17 வீதம் 68, மத்ததெல்லாம் அதே, 585 வந்துடும். வித்தியாசம் 228 யூரோ, அதுல இன்னொரு தடவை ரெண்டு ராத்திரி ரூம் வாடகையே கட்டிடலாம்.

கிளம்பற நாள்: செக்-அவுட் பத்து இல்ல பதினோரு மணி, நிமிஷம் தவறாம எதிர்பாப்பாங்க. பெட்டியை ரிசப்ஷன்ல விட்டுட்டு மறுபடி பீச்சுக்குப் போகலாம். பில்லை வாங்கி மினரல் வாட்டர், பார்க்கிங்னு தெரியாத வரி ஏதாவது இருக்கான்னு அங்கயே பாருங்க, ரூம்ல ஹீட்டரோ ஷவரோ வேலை செய்யலன்னா அதை முதல் நாளே சொல்லியிருக்கணும், கடைசி நாள் சொன்னா ஒரு யூரோ குறையாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திரும்பறவங்க ரோஸ்டாக் ஹாப்ட்பான்ஹோஃபுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க, பெர்லின் போற ஆர்ஈ5 அங்கேருந்துதான் கிளம்பும், ப்ளாட்ஃபாரத்துல வந்து நின்ன உடனே ஏறினா சீட் கிடைக்கும், அடுத்தடுத்த ஸ்டேஷன்ல சைக்கிளோட ஏறறவங்க நின்னுக்கிட்டேதான் வரணும்.